பெயின்ற் மினுங்கும், அடியில் கறள் தின்னும்: பழைய மொறிஸ் மைனரை மீட்டெடுப்பது எப்படி?

யாழ்ப்பாணத்துக்கு வரும் வெளியூர்க்காரர்கள் கமராவைத் தூக்கும் காட்சிகளில் ஒன்று, வீதியோரம் நிற்கும் பழைய பிரித்தானிய கார்கள். ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், மொறிஸ் மைனர் என்று, உலகின் பல இடங்களில் நூதனசாலைக்குள் போய்விட்டவை இங்கே கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆள் ஏற்றி ஓடியிருக்கின்றன. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கண்ணில் படாதபோது, சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டவையும் இவைதாம். அமுக்கம் குறைந்த அந்தக் கால இயந்திரங்கள் அதையும் தாங்கின.

இயந்திரம் தாங்கியது. உடல் தாங்கவில்லை. இடம்பெயர்வுகளின்போது கொட்டிலுக்குள் விட்டுப்போன கார்கள், மழை ஒழுகிய கூரைக்குக் கீழே வருடக்கணக்கில் நின்று அடியிலிருந்து கறள் ஏறின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் கடும் வரியோடு மீண்டும் திறக்கப்பட்ட இடைவெளியில், கொட்டிலில் கிடந்த பழைய கார்களைப் பலர் மறுபடி திரும்பிப் பார்த்தார்கள். திருத்தி ஓட்டலாம், அல்லது நல்ல விலைக்கு விற்கலாம் என்ற எண்ணம் வந்தது.

எங்கள் அம்மப்பாவின் மொறிஸ் மைனரும் அப்படித்தான் கராஜுக்குப் போனது. ஆறு கிழமையில் புதுக்காராகத் திரும்பி வந்தது. எட்டாவது மாதம் பின்சில்லுக்கு முன்னால் பெயின்ற் கொப்புளித்தது. அந்த இடத்தை ஸ்குரூ ட்ரைவரால் குத்தினேன். அது பிடிவரை உள்ளே போனது. பட்டி, அதன் கீழே கண்ணாடிநார், அதன் கீழே ஒன்றுமில்லை. பின் ஸ்பிரிங்கைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய இரும்பு அது. அந்தக் காரில்தான் அம்மம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தோம்.

இந்தக் கட்டுரை அந்தத் தவறிலிருந்து கற்றுக்கொண்டவற்றின் தொகுப்பு. மொறிஸ் மைனரை உதாரணமாக எடுத்திருக்கிறேன். ஆனால் எம்.ஜி., ட்ரயம்ப் போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போருக்கும் அடிப்படை இதுதான்.

கார் என்பது ஒரு பெட்டி

அலெக் இஸ்ஸிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948 ஒக்டோபரில் லண்டன் ஏள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. 10 இலட்சம் விற்ற முதலாவது பிரித்தானிய கார் இது. தயாரிப்பு தொடங்குவதற்குச் சற்று முன்னர், கார் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று மாதிரியை நடுவால் வெட்டி 4 அங்குலம் அகலமாக்கினார் இஸ்ஸிகோனிஸ். பொனற்றின் நடுவில் ஓடும் தட்டையான பட்டி அந்த வெட்டின் அடையாளம்.

நமக்கு முக்கியமான விடயம் வேறு. லொறிக்கு இருப்பதுபோல மைனருக்குத் தனியான முழுச் செசி கிடையாது. தரைத்தகடு, கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் என்னும் பெட்டிப் பகுதி, குறுக்குச் சட்டம், முன்னால் நீளும் இரண்டு கால்கள் எல்லாம் ஒன்றாக ஒட்டப்பட்டுத்தான் காரின் பலம் உண்டாகிறது. பலம் தகரத்தின் தடிப்பில் இல்லை, தகரத்தைப் பெட்டியாக மடித்த விதத்தில் இருக்கிறது. பெட்டியின் ஒரு பக்கம் கறளில் போனால் மீதி மூன்று பக்கமும் வெறும் தகரம்தான்.

மட்கார்ட்கள் நான்கும் ஆணி போட்டுப் பூட்டியவை. அவற்றில் ஓட்டை விழுந்தால் அழகு கெடும், அவ்வளவுதான். சில்லிலும் ஸ்பிரிங் தாங்கியிலும் ஓட்டை விழுந்தால் உயிருக்கு ஆபத்து. பெயின்ற் கடைக்குப் போகுமுன் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

கறள் எங்கிருந்து வருகிறது?

இரும்பு, தண்ணீர், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்தால் கறள். உப்பு சேர்ந்தால் அது வேகமாகும். உப்புக் கரைந்த நீர் மின்னோட்டத்தை இலகுவாகக் கடத்துவதால், உலோகத்தில் நடக்கும் மின்வேதித் தாக்கம் விரைகிறது. குடாநாட்டில் கடற்காற்று ஒருபுறம். மறுபுறம், உவர்க் கிணற்றுத் தண்ணீரில் காரைக் கழுவும் பழக்கம். வெளியே காய்ந்துவிடும், பெட்டிப் பகுதிகளுக்குள் போன உவர்நீர் காயாது. உப்பை விட்டுவிட்டு மெதுவாக ஆவியாகும்.

கறள் தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடிக்கும். இரண்டு தகடுகள் சேரும் மூட்டில் கறள் ஏறினால் தகடுகள் வீங்கிப் பிரிவது இதனால்தான். பெயின்ற்றில் ஒரு கொப்புளம் தெரிகிறதென்றால் கறள் பெரும்பாலும் உள்பக்கத்தில் தொடங்கி வெளியே வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வெளியே ஐந்து சதம் அளவு தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு இருக்கலாம்.

வாங்குமுன், வேலைக்குக் கொடுக்குமுன்

தேவையானவை நான்கு: ரோர்ச் லைற், மழுங்கிய ஸ்குரூ ட்ரைவர், மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம், ஒரு ஜக். காந்தத்தைப் பெயின்ற்றின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். இரும்பு இருக்கும் இடத்தில் இழுக்கும், தடித்த பட்டியின் மேல் நழுவி விழும். விரல் மடக்கித் தட்டினால் தகரம் கணீரென்னும், பட்டி மொத்தென்னும்.

பிறகு கார்ப்பெற்றைக் கிளப்பி, காருக்கு அடியில் படுத்து இந்த இடங்களைப் பாருங்கள்:

- சில்லும், அதன் உட்புறத் தகடும், ஜக் வைக்கும் இடமும். மைனரில் முதலில் போவது இவை.
- முன் இருக்கைகளுக்குக் கீழே செல்லும் குறுக்குச் சட்டம். முன் சஸ்பென்ஷனின் முறுக்குத் தண்டுகள் இதில்தான் பின்பக்கமாகப் பூட்டப்பட்டுள்ளன. இது தளர்ந்தால் முன்சில்லுகள் நிலைகுலையும்.
- பின் ஸ்பிரிங்குகளின் முன் தாங்கியும் பின் தாங்கியும். சில்லு எறியும் சேறு முழுவதும் இங்கே படியும்.
- முன்னால் இயந்திரத்தையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் இரண்டு கால்கள்.
- முன்கதவுப் பிணைச்சல் பூட்டியிருக்கும் தூணின் அடி. கதவைத் திறந்து நுனியில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். பிணைச்சல் ஆடுகிறதா, தூணே ஆடுகிறதா என்று கவனியுங்கள்.
- மட்கார்ட்டுக்கும் உடலுக்கும் இடையில் உள்ள பிளாஸ்ரிக் வரி. அதற்குப் பின்னால் ஈரம் தங்கும்.
- கதவுகளின் அடி விளிம்பும் டிக்கித் தரையும்.

கடைசியாக ஒரு சோதனை. கதவுகளை மூடி, சுற்றியுள்ள இடைவெளியைப் பாருங்கள். உறுதியான தாங்குமிடம் ஒன்றில் ஜக் போட்டு ஒரு பக்கத்தை உயர்த்திக் கதவைத் திறந்து மூடுங்கள். இடைவெளி மாறினாலோ, கதவு இறுகினாலோ, உடல் நடுவில் தொய்கிறது. எந்தப் பெயின்ற்றும் இதை மறைக்காது. ஜக் மாத்திரம் தாங்கும் காருக்குக் கீழே ஒருபோதும் புகவேண்டாம், கட்டை அல்லது ஸ்ராண்ட் வைத்த பிறகே.

வெட்டுமுன் செய்ய வேண்டியவை

பலர் அவசரப்படுவது இங்கேதான். சில்லை வெட்டி எடுத்த மறுகணம் காரின் உடலுக்கு நேராக நிற்கும் பலம் போய்விடும். அப்படியே புதிய சில்லை ஒட்டினால், வளைந்த நிலையிலேயே கார் நிரந்தரமாகிவிடும். கதவு பிறகு ஒருநாளும் பொருந்தாது.

எனவே, கார் சமதரையில் பல இடங்களில் சமமாகத் தாங்கப்பட்டிருக்க வேண்டும். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் ஒட்டி இறுக்க வேண்டும். ஒரு பக்கத்து வேலையை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மாட்டி இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும்.

கூரை திறக்கும் கார்களில் இது இன்னும் முக்கியம். 1962 முதல் 1980 வரை வந்த எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காருக்கும் தனிச் செசி இல்லை. மேலே கூரையும் இல்லாததால் முன்னையும் பின்னையும் பிரியாமல் பிடிப்பதில் பெரும்பங்கு சில்லுக்கே. அதன் சில் வெளித்தகடு, உள்தகடு, நடுத்தகடு என்று பல அடுக்கு. வெளித்தகட்டை மாத்திரம் புதிதாக மூடிவிட்டு உள்ளே உக்கிப்போன நடுத்தகட்டை அப்படியே விடுவது, அந்தக் கார்களில் அதிகம் காணப்படும் ஏமாற்று வேலை.

பாதுகாப்பு விடயங்களும் இப்போதே. பற்றரியைக் கழற்றுங்கள். மைனரின் பெற்றோல் தாங்கி டிக்கித் தரையின் கீழ் இருக்கிறது. அதைக் கழற்றி வெளியே தூர வையுங்கள். வெறும் தாங்கி பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். உள்ளே தங்கும் பெற்றோல் ஆவி நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது. தாங்கியில் வெல்டிங் நெருப்பு படவே கூடாது. பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம், ஆதலால் காய்ந்த நிலையில் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்க வேண்டும். நல்ல முகக்கவசம் வேண்டும். பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் இந்த வேலை வேண்டாம்.

தகரமும் ஒட்டும்

கறள் பிடித்த இடத்தை, பளபளவென்ற நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுக்க வேண்டும். உக்கிய தகட்டின் மேலேயே இன்னொரு தகட்டை வைத்து ஒட்டுவதுதான் பரவலான குறுக்குவழி. இரண்டுக்கும் இடையில் ஈரம் சிக்கி, பழையதோடு புதியதும் போகும்.

முதலில் மட்டையில் அளவு வெட்டி, அதைத் தகரத்தில் வைத்துக் கீறி வெட்டுவது இலகு. வெளித் தகடுகளுக்குச் சுமார் 1 மில்லிமீற்றர், பலம் தாங்கும் பகுதிகளுக்கு 1.2 முதல் 1.6 மில்லிமீற்றர்வரை தடிப்புள்ள மென்னுருக்குத் தகடு தேவை. கூரைத் தகரம் இதற்கு உதவாது. அது மெல்லியது, துத்தநாகப் பூச்சும் உண்டு. வெல்டிங் சூட்டில் அந்தப் பூச்சு விடும் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே காய்ச்சல் வரும்.

எங்கள் ஊர் ரிங்கர் வேலைக்காரர்களில் மூத்தவர்கள் காஸ் வெல்டிங்கில் வித்தகர்கள். ஆனால் காஸ் சுவாலை பரவலாகச் சூடேற்றுவதால் பெரிய தட்டையான தகடுகள் சுருண்டுவிடும். பின்னர் சுத்தியலும் டொலியும் கொண்டு பொறுமையாக எடுக்க வேண்டியிருக்கும். குச்சி வைத்து ஒட்டும் ஆர்க் வெல்டிங் மெல்லிய தகரத்தில் ஓட்டை போட்டுவிடும். இன்று இலகுவானது மிக் வெல்டிங். 0.6 மில்லிமீற்றர் கம்பி, ஆகனும் காபனீரொட்சைட்டும் கலந்த காஸ் போதும். ஒரே இழுவையில் ஓட்டாமல், இங்கே ஒரு புள்ளி, தூரத்தே ஒரு புள்ளி என்று ஒட்டி, ஆறவிட்டு, இடைவெளிகளை நிரப்ப வேண்டும். அவசரப்பட்டால் தகடு அலையடிக்கும்.

தொழிற்சாலையில் புள்ளி ஒட்டு இருந்த இடங்களில், மேல்தகட்டில் 5 அல்லது 6 மில்லிமீற்றர் துளை போட்டு, அந்தத் துளை வழியாகக் கீழ்த்தகட்டோடு ஒட்டுவது நல்ல முறை. பழையபடி எத்தனை புள்ளி இருந்ததோ அதற்குக் குறையக் கூடாது.

கறள் நீக்கும் மருந்துகள்

பொஸ்போரிக் அமிலம் உள்ள திரவங்கள் கறளை இரும்புப் பொஸ்பேற்றாக மாற்றும். தனின் உள்ளவை கறளைக் கறுப்புப் படலமாக்கும். இரண்டும் மேலோட்டமான கறளுக்கு உதவும். செதில் செதிலாக உரியும் கறளையோ, பெட்டிக்குள் தெரியாத கறளையோ அவை குணப்படுத்தாது. கழன்றுவிழும் செதில்களை முதலில் கம்பித் தூரிகையால் அகற்ற வேண்டும்.

பிணைச்சல், கொழுவி போன்ற சிறு பாகங்களுக்கு வீட்டிலேயே மின்பகுப்பு செய்யலாம். பிளாஸ்ரிக் வாளியில் சலவைச் சோடா கரைத்த நீர், பற்றரி சார்ஜர், ஒரு துண்டு சாதாரண இரும்பு போதும். கறள் பிடித்த பாகத்தை மறை முனையிலும் இரும்புத் துண்டை நேர் முனையிலும் இணைக்க வேண்டும். கறையில்லா உருக்கை நேர் முனையில் பாவிக்கக் கூடாது, நச்சான குரோமியச் சேர்வை உண்டாகும். எரியக்கூடிய ஐதரசன் வெளிவருவதால் திறந்த வெளியில் செய்யுங்கள்.

மணல் வீச்சு தடித்த பாகங்களுக்கு நல்லது. பொனற், கதவு, கூரை போன்ற தட்டையான தகடுகளில் அழுத்தம் கூடினால் தகடு வளைந்து பழையபடி வராது.

பிறைமரும் பட்டியும்

பளபளப்பான இரும்பைக் கடற்கரைக் காற்றில் ஓர் இரவு விட்டாலே காலையில் செம்மஞ்சள் பூத்திருக்கும். சுத்தம் செய்த அன்றே எபொக்சி பிறைமர் அடிக்க வேண்டும். சாதாரண சாம்பல் நிறப் பிறைமரை அடித்துவிட்டு மாதக்கணக்கில் கராஜ் வாசலில் நிறுத்துவது வழமையாக நடப்பது. அந்தப் பிறைமர் ஈரத்தை உறிஞ்சும். பெயின்ற்றுக்குக் கீழே கறள் அப்போதே தொடங்கிவிடும்.

பட்டி கெட்ட பொருள் அல்ல. சுத்தியல் வேலைக்குப் பிறகு மிஞ்சும் சிறு பள்ளங்களை 2 அல்லது 3 மில்லிமீற்றருக்குள் நிரப்பத்தான் அது உண்டாக்கப்பட்டது. ஓட்டைக்கு மூடியாகவும், போன இரும்புக்குப் பதிலாகவும் பாவிக்கும்போதுதான் அது பொய் ஆகிறது.

மூட்டுகளுக்கு சீலர் பூச வேண்டும். ஆனால் கதவடியிலும் சில்லடியிலும் உள்ள நீர் வடியும் துளைகளை அடைத்துவிடக் கூடாது. பெயின்ற் முடிந்த பின், பெட்டிப் பகுதிகளுக்குள் நீண்ட குழாயால் மெழுகுத் திரவம் பாய்ச்ச வேண்டும். முழு வேலையிலும் மலிவானது இது. ஆயுளைக் கூட்டுவதும் இதுவே. ஆனால் அதிகம் மறக்கப்படுகிறது.

அடிப்பக்கத்தில் தார் போன்ற கறுப்புப் பூச்சைத் தடிப்பாகப் பூசுவது நம்மிடையே பிரபலம். புதிய இரும்பில் அது உதவும். கறளின் மேல் பூசினால் வெடித்த இடத்தால் நீர் புகுந்து வெளியேற வழியில்லாமல் நிற்கும். கழிவு எஞ்சின் ஒயில் அடிப்பதும் பழைய பழக்கம். அது இறப்பர் பாகங்களைக் கெடுக்கும், நிலத்திலும் வடியும். சுண்ணக்கற் பாறைக்குக் கீழுள்ள நிலத்தடி நீரை நம்பியிருக்கும் குடாநாட்டுக்கு, சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினைக்குப் பிறகும் அந்தப் பழக்கம் தேவையில்லை.

பாகங்களும் பத்திரங்களும்

மைனர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம், அதன் உடற்பாகங்கள் இன்றும் பிரித்தானியாவில் புதிதாகக் கிடைக்கின்றன. இந்தக் கதையில் இலங்கைக்கும் பங்குண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேரின் முயற்சியோடு, 1990களில் இலங்கையிலேயே மைனருக்கான பாகங்கள் செய்யப்பட்டு அங்கே அனுப்பப்பட்டன. கையால் தகரம் மடிக்கும் நம் நாட்டுத் திறமைக்கு அப்படியொரு சந்தை இருந்தது. எம்.ஜி.பி.க்கோ 1988 முதல் பழைய அச்சுகளிலேயே முழு உடலையும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

செசி இலக்கத் தகட்டைத் தொலைத்துவிடாதீர்கள். பெயின்ற்றுக்காகக் கழற்றினால் படம் எடுத்து, பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, பத்திரப்படுத்துங்கள். நிறத்தை மாற்றினால் பதிவிலும் மாற்ற வேண்டும். இலக்கத் தகடும் சரித்திரம்தான். 1957இல் வாகன இலக்கங்களில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து புகுத்தப்பட்டதும் அதற்கு எதிராக எழுந்த தமிழரசுக் கட்சியின் போராட்டமும் இந்த நாட்டின் வரலாற்றில் எங்கே கொண்டுபோய் விட்டன என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஆங்கில எழுத்தோடு ஓடும் கார் எது, 'ஸ்ரீ'யோடு ஓடும் கார் எது என்பதில் அந்தக் காரின் வயது மாத்திரம் எழுதப்பட்டிருக்கவில்லை.

கராஜில் கேட்க வேண்டியவை

எங்கள் காரை மறுபடி பிரித்துச் செய்வதற்கு முதல்முறையைவிட இரண்டு மடங்கு காலம் எடுத்தது. இரண்டாவது முறை வேலை செய்த மூத்தவர் பெயின்ற்றைப் பற்றிக் கதைக்கவே இல்லை. முதலில் கார்ப்பெற்றைக் கிளப்பச் சொன்னார். நல்ல வேலைக்காரரை அடையாளம் காண அது ஒரு வழி.

நாங்கள் பிந்திக் கற்றுக்கொண்டதை நீங்கள் முந்திச் செய்யலாம். வேலையைக் கட்டங்களாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்: வெட்டுதல், பலப்பகுதி ஒட்டு, வெளித்தகடு, பிறைமர், பெயின்ற், மெழுகு. ஒவ்வொரு கட்டமும் முடியும்போது பணத்தைக் கொடுங்கள். பிறைமர் அடிக்குமுன் வெறும் இரும்பைக் காட்டச் சொல்லிப் படம் எடுங்கள். வெட்டி எறிந்த பழைய துண்டுகளை ஒரு சாக்கில் போட்டுத் தரச் சொல்லுங்கள். நேர்மையாக வேலை செய்பவர் இதற்குக் கோபிக்க மாட்டார், தன் வேலையைக் காட்டச் சந்தோஷப்படுவார்.

காசு போதாவிட்டால் பெயின்ற்றைத் தள்ளிப்போடுங்கள், ஸ்பிரிங் தாங்கியைத் தள்ளிப்போடாதீர்கள். மங்கிய பெயின்ற்றோடு ஒரு கார் இன்னும் இருபது வருடம் ஓடும்.

எங்கள் மைனரின் இடது பின் மட்கார்ட்டில் இன்னும் ஒரு சொட்டை இருக்கிறது. அம்மப்பா சந்தியில் ஒரு மாட்டு வண்டிலோடு உரசியது அது. அதை எடுக்கவா என்று மூத்தவர் கேட்டார். இரும்பு நல்ல இரும்பாக இருந்தபடியால், விடச் சொன்னோம்.